பூவும் பின்புலமும்

நுழையும்முன்

ஒளிப்படம் எடுக்கும் ஒவ்வொருவரும் இரண்டு முடிவுகளை எடுக்கிறார். எதைக் காட்டுவது என்பது ஒன்று. எதை மறைப்பது என்பது மற்றொன்று. கைப்பேசி கைக்கு வந்தபின் இம்முடிவுகளை நாம் நாள்தோறும் எடுக்கிறோம். எடுக்கிறோம் என்பதை உணர்வதில்லை. பொருளைத் துலக்கமாகவும் அதன் பின்புலத்தை மங்கலாகவும் காட்டும் ஒளிப்பட நுட்பத்தைப் பழனிமலைத் தொடரின் காட்சிகளைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது. அந்நுட்பத்தை எங்கே பயன்படுத்துவது, எங்கே தவிர்ப்பது என்றும் சிந்திக்கத் தூண்டுகிறது.

ஒரு பூ, இரு படங்கள்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கொடைக்கானல். அதைச் சூழ்ந்த பழனிமலைத் தொடரின் புல்வெளிச் சரிவுகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கிறது. 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் அது பூத்தது. அடுத்து 2030ஆம் ஆண்டில் பூக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

அத்தகைய பூப்புக் காலத்தில், ஒரே குறிஞ்சிச் செடியின் முன் மாணவியர் இருவர் நிற்பதாகக் கொள்வோம். முதலாமவர் எடுத்த படத்தில் ஒரு பூங்கொத்து மட்டும் துலக்கமாகத் தெரிகிறது. பூவின் நரம்புகளையும் அதன்மீது அமர்ந்த தேனீயின் சிறகையும் எண்ணிவிடலாம். பின்னால் இருப்பவை அனைத்தும் கரைந்து, பச்சையும் நீலமும் குழைந்த திரைபோல் ஆகிவிட்டன. இரண்டாமவர் எடுத்த படத்தில் பூ சிறியதாகத் தெரிகிறது. ஆனால் அது நிற்கும் சரிவு, சரிவின் மடிப்பில் உள்ள சோலைக்காடு, எதிர்மலையின் விளிம்பு ஆகிய யாவும் தெளிவாக உள்ளன.

இவற்றுள் சிறந்த படம் எது? இவ்வினாவுக்கு உடனே விடை கூறுதல் எளிது; சரியான விடை கூறுதல் அரிது. முதலில் நுட்பத்தை அறிவோம். பின்னர் வினாவுக்குத் திரும்புவோம்.

கண்ணும் கருவியும்

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரல்நகத்தை உற்று நோக்குங்கள். நகம் தெளிவாகத் தெரியும். அப்பால் உள்ள கரும்பலகையின் எழுத்துகள் மங்கும். இப்போது எழுத்துகளை நோக்குங்கள், நகம் மங்கிவிடும். கண்வில்லை ஒரு நேரத்தில் ஒரு தொலைவுக்கே தன்னைப் பொருத்திக்கொள்கிறது. எனினும் நம் பார்வை ஓயாமல் இடம் மாறுவதால், எல்லாவற்றையும் ஒருசேரத் தெளிவாகக் காண்பதாக மனம் எண்ணிக்கொள்கிறது. ஒளிப்படக்கருவிக்கு அவ்வாறு எண்ணிக்கொள்ளும் மனம் இல்லை. ஷட்டர் திறந்து மூடும் கணத்தில் வில்லை எத்தொலைவுக்குப் பொருத்தப்பட்டிருந்ததோ, அத்தொலைவில் உள்ள பொருளே மிகத் துலக்கமாகப் பதிகிறது.

அத்தொலைவுக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள பகுதியும் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும். இவ்வாறு தெளிவாகத் தோன்றும் பரப்பின் முன்பின் அளவைப் புல ஆழம் என்பர். பின்புலத்தை மங்கச் செய்யும் கலை என்பது இப்புல ஆழத்தை நம் விருப்பப்படி சுருக்கவும் விரிக்கவும் அறிவதே ஆகும்.

துளையும் எண்ணும்

வில்லைக்குள் ஒளி நுழையும் வழியே ஒளித்துளை; இதனை அப்பர்ச்சர் என்றும் வழங்குவர். இத்துளையின் அளவைக் கருவிகள் எஃப் 2, எஃப் 2.8, எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8, எஃப் 11, எஃப் 16 என்னும் எண்களால் காட்டுகின்றன. புதிதாகக் கற்பவர் இங்கே தடுமாறுவது இயல்பு. எண் சிறிதானால் துளை பெரிது. எண் பெரிதானால் துளை சிறிது. வில்லையின் குவியத் தொலைவை இவ்வெண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும் என்பதே இதற்குக் காரணம். 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள வில்லையில் எஃப் 2 என்றால் துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர். எஃப் 8 என்றால் 6 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும்.

துளை பெருகப் பெருகப் புல ஆழம் சுருங்கும். 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள உணரியைக் கொண்ட கருவியில், 50 மில்லிமீட்டர் வில்லையால் 2 மீட்டர் தொலைவில் உள்ள செடியைப் படமெடுப்பதாகக் கொள்வோம். எஃப் 2இல் புல ஆழம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். எஃப் 8இல் அது ஏறத்தாழ 78 சென்டிமீட்டர். எஃப் 16இல் 1.7 மீட்டரைத் தாண்டிவிடும். எஃப் 2இலேயே 1 மீட்டர் தொலைவுக்கு நெருங்கினால் புல ஆழம் 5 சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடும். தொலைவு பாதியானால் புல ஆழம் ஏறத்தாழக் கால்பங்காகிறது.

துளையைச் சுருக்குவதற்கு ஒரு விலையும் உண்டு. எஃப் 2இலிருந்து எஃப் 8க்குச் சென்றால் உள்ளே வரும் ஒளி 16இல் ஒரு பங்காகக் குறைகிறது. முன்பு நொடியில் 800இல் ஒரு பங்கு நேரம் போதுமாயிருந்த இடத்தில், இப்போது 50இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். மலைக்காற்றில் அசையும் பூ அதற்குள் நகர்ந்துவிடும். இவ்வாறு அசைவால் நேரும் மங்கல் வேறு. தொலைவால் விளையும் பின்புல மங்கல் வேறு. முன்னது பெரும்பாலும் பிழையால் வருவது. பின்னது நாம் தேர்ந்து செய்வது.

நாணய அளவுகோல்

பின்புலம் எவ்வளவு மங்கும் என்பதை மனக்கண்ணால் அளக்க எளிய வழி ஒன்றுண்டு. மிகத் தொலைவில் உள்ள ஒரு விளக்கு, படத்தில் புள்ளியாகத் தெரியாமல் வட்டமாக விரியும். அவ்வட்டம், நாம் குவியப்படுத்திய பூவின் அருகே வைத்த ஒரு நாணயம்போல் தோன்றும். அந்நாணயத்தின் விட்டம் நம் ஒளித்துளையின் விட்டத்துக்குச் சமம். எஃப் 2இல் 50 மில்லிமீட்டர் வில்லை என்றால், ஏறத்தாழ ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவு. பின்புலத்தின் ஒவ்வொரு புள்ளியும் இவ்வாறே விரிந்து, ஒன்றன்மேல் ஒன்று படிவதால் உருவங்கள் கரைகின்றன.

இவ்வோர் உண்மையிலிருந்து நான்கு வழிகளையும் நாமே வருவித்துக்கொள்ளலாம்.

முதலாவது, துளையைப் பெரிதாக்குதல். நாணயம் பெரிதாகும், மங்கல் மிகும்.

இரண்டாவது, பொருளை நெருங்குதல். ஓரடி அகலக் காட்சியில் 25 மில்லிமீட்டர் நாணயம் பெரிதாகத் தெரியும். பத்தடி அகலக் காட்சியில் அதே நாணயம் சிறு பொட்டாகிவிடும்.

மூன்றாவது, பின்புலத்தைப் பொருளிலிருந்து விலக்குதல். நமக்கும் பூவுக்கும் இடையே 1 மீட்டர் என்க. பூவுக்கு 1 மீட்டர் பின்னால் புதர் இருப்பின், நாணயம் பாதியளவே விரியும். 9 மீட்டர் பின்னால் இருப்பின் பத்தில் ஒன்பது பங்கு விரியும். பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்மலையே பின்புலமாயின் ஏறத்தாழ முழு அளவும் விரியும். கோக்கர்ஸ் நடைபாதையின் ஓரத்தில் நிற்பவரைப் படமெடுத்தால் பின்புலம் எளிதில் கரைந்துவிடுவதற்கு இதுவே காரணம். அங்கே அவருக்குப் பின்னால் இருப்பது பெரும்பள்ளத்தாக்கு. செடியை மாற்றி நட இயலாது. ஆனால் நாம் இரண்டடி இடம் மாறி, குனிந்து நோக்கினால், புதருக்குப் பதிலாக வானமோ எதிர்மலையோ பின்புலமாகிவிடும்.

நான்காவது, குவியத் தொலைவு மிகுந்த வில்லையைப் பயன்படுத்துதல். 200 மில்லிமீட்டர் வில்லையில் எஃப் 4 என்றாலும் துளையின் விட்டம் 50 மில்லிமீட்டர். மேலும், நீண்ட வில்லை பின்புலத்தின் ஒரு சிறு பகுதியையே எடுத்துப் பெருக்கிக் காட்டுகிறது. கொடைக்கானல் தெருக்களிலும் நடமாடும் காட்டுமாட்டை அணுகிப் படமெடுப்பது உயிருக்கே ஆபத்து. அத்தகைய விலங்குகளுக்கு இந்நான்காம் வழியே உரியது.

தெரியுமா?

மங்கிய பகுதியின் அழகியல் தன்மையை ஒளிப்படக் கலைஞர்கள் 'போகே' என்கின்றனர். மங்கல் என்னும் பொருள் தரும் ஜப்பானியச் சொல்லிலிருந்து இது வந்தது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்க ஒளிப்பட இதழொன்று வெளியிட்ட கட்டுரைகள் வாயிலாக இச்சொல் ஆங்கிலத்தில் பரவியது. மங்கலின் அளவைப் போகே குறிப்பதில்லை; மங்கிய பகுதி மென்மையாக உள்ளதா, உறுத்துகிறதா என்னும் தன்மையையே குறிக்கிறது.

மூடுபனி மறைப்பது வேறு

கொடைக்கானலில் பின்புலத்தை மறைக்க இயற்கையும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஏரிக்கரை மரங்கள் நிரல்நிரலாக வெளிறி, இறுதி வரிசை வெண்மையில் கலந்துபோகும் காட்சியை அங்குச் சென்றவர் மறவார். ஆனால் இது வில்லை செய்யும் மங்கல் அன்று. காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அதனால் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு தொலைவு கூடக்கூடக் குறைகிறது.

வில்லையின் மங்கலில் உருவம் சிதைகிறது, வண்ணம் எஞ்சுகிறது. மூடுபனியில் வண்ணம் வெளிறுகிறது. உருவத்தின் எல்லைக்கோடு நெடுந்தொலைவுவரை எஞ்சுகிறது. ஆதலால், பனிபடர்ந்த காலையில் துளையைச் சுருக்கி எடுத்த படத்தில், முன்நிற்கும் மரம் தனித்துத் தெரிவதோடு பின்நிற்கும் மரங்களும் தம் வடிவத்தை இழக்காமல் நிற்கும். பின்புலத்தை அழிக்காமல் அடக்கிக் காட்டும் வழி இது.

கைப்பேசியின் கணக்கு

கைப்பேசியின் வில்லை மிகச் சிறியது. அதன் ஒளித்துளையின் விட்டம் சில மில்லிமீட்டரே. நாணய அளவுகோலின்படி அதனால் பின்புலத்தைப் பெரிதும் மங்கச் செய்ய இயலாது. ஆகவே கைப்பேசி கணக்கிடுகிறது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 7 பிளஸ், இரண்டு வில்லைகளின் காட்சிகளை ஒப்பிட்டுத் தொலைவை உணர்ந்து, பின்புலத்தைச் செயற்கையாக மங்கச் செய்தது. மறு ஆண்டில் வந்த கூகுள் பிக்சல் 2, பின்புறம் ஒரே வில்லை கொண்டிருந்தும், கணினிக்குப் பயிற்றுவித்த அறிவின் துணையால் அதனைச் செய்தது. இன்று 'போர்ட்ரெய்ட்' என்னும் பெயரில் இவ்வசதி பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ளது.

கணக்கு பிழைபடும் இடங்களும் உண்டு. காற்றில் பறக்கும் தலைமுடி, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, பூவின் மெல்லிய மகரந்தத்தாள் ஆகியவற்றைக் கைப்பேசி பின்புலத்தின் பகுதியாகக் கருதி அழித்துவிடக்கூடும். எனவே படம் எடுத்தவுடன் பொருளின் விளிம்புகளைப் பெரிதாக்கிப் பார்த்தல் வேண்டும். செயற்கை மங்கலை நாடாமல், பூவுக்குச் சில சென்டிமீட்டர் அருகில் கைப்பேசியைக் கொண்டு சென்றால் வில்லையே உண்மையான மங்கலைத் தரும்.

முதலும் கருவும் உரியும்

பொருளுக்கும் பின்புலத்துக்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். அகப்பாடலின் உள்ளடக்கத்தைத் தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், விலங்கு, பறவை, மரம், தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் அகவொழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்றும், அவற்றுள் உரிப்பொருளே தலைமையானது என்றும் கொள்வது மரபு.

ஒளிப்பட மொழியில் கூறின், அகப்பாடலின் குவியம் உரிப்பொருளின்மீது உள்ளது. ஆயினும் புலவர் மலையையும் யாமத்தையும் தினைப்புனத்தையும் அழித்துவிடவில்லை. வெளிப்படையாகச் சொல்ல இயலாதவற்றை அவற்றின் வாயிலாகவே சொன்னார். உள்ளுறை என்னும் உத்தி, தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டே அமைகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. கதையை நகர்த்த அத்தனை பூக்கள் தேவையில்லை; ஆனால் அவை இல்லையேல் அம்மலையும் இல்லை. பின்புலம் அடங்கி நிற்கலாம்; பொருளற்றதாகிவிடலாகாது என்பதே நம் மரபு காட்டும் நெறி.

கொடைக்கானலுக்கு அருகே உள்ள பூம்பாறையில், புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டைப் பயிரிடும் முதியவர் ஒருவரை அவருடைய இசைவு பெற்றுப் படமெடுப்பதாகக் கொள்வோம். பின்புலத்தை முற்றும் கரைத்துவிட்டால் கிடைப்பது ஒரு முகம். அது எந்த ஊரின் முகமாகவும் இருக்கலாம். துளையைச் சற்றே சுருக்கி, மங்கலினூடே படிக்கட்டு வயல்களின் வரிகள் தெரியுமாறு விட்டால் கிடைப்பது ஓர் உழவரின் வாழ்வு.

மங்கலில் மறைந்தது

பழனிமலையின் மேற்பகுதி ஒருகாலத்தில் பரந்த புல்வெளிகளாலும் மடிப்புகளில் அடர்ந்த சோலைகளாலும் ஆனது. கடந்த நூற்றாண்டில் அப்புல்வெளிகளில் சீகை, தைலமரம், பைன் முதலிய அயல்மரங்கள் நடப்பட்டன. 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட காலத்தின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், நாற்பதாண்டுகளில் இம்மலைப் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது என்று 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மரத்தோட்டங்களும் வேளாண்மையுமே இதற்குக் காரணம் என்றும் அவர்கள் காட்டினர். குறிஞ்சி வளர்வது புல்வெளியில். புல்வெளி சுருங்கினால் குறிஞ்சிக்கு இடமேது?

இப்போது முதல் மாணவியின் படத்தை மீண்டும் நோக்குவோம். பூவின் பின்னால் தெரிந்த பச்சைத் திரை புல்வெளியா, சீகைத் தோட்டமா? அப்படம் அதற்கு விடை கூறாது. அழகுக்காகக் கரைக்கப்பட்ட அப்பகுதியில்தான் மலையின் வரலாறு இருந்தது.

இதே கொடைக்கானலில், நேர்மாறான நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படங்களும் உள்ளன. 1899ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தில், 1904ஆம் ஆண்டு முதல் சூரியனை ஒளிப்படத் தகடுகளில் பதிவு செய்து வந்தனர். அத்தகடுகளை எடுத்தவர்கள், நூறாண்டுக்குப் பின் வருவோர் அவற்றில் எதைத் தேடுவர் என்பதை அறியார். ஆயினும் இயன்றவரை அனைத்தையும் தெளிவாகப் பதித்து, நாளும் நேரமும் குறித்து வைத்தனர். இன்று அவை எண்மப் படங்களாக மாற்றப்பட்டு, சூரியப்புள்ளிகளின் நூற்றாண்டு மாற்றத்தை ஆராயத் துணைநிற்கின்றன.

எனவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: பூவை அறிய முதற்படம் சிறந்தது, பூ வாழும் இடத்தை அறிய இரண்டாம் படம் சிறந்தது. ஒன்றை மட்டும் எடுத்துத் திரும்புவதே குறை. ஒரே இடத்தில் நின்று, துளையைத் திறந்து ஒரு படமும் துளையைச் சுருக்கி ஒரு படமும் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து வைக்க ஆகும் நேரம் ஒரு நிமிடமே.

2030ஆம் ஆண்டில் குறிஞ்சி பூக்கும்போது நீங்கள் பள்ளியைவிட்டுச் சென்றிருப்பீர்கள். அன்று அச்சரிவில் நிற்க வாய்ப்பவர்கள், செடிகளை மிதிக்காமல் பாதையில் நின்று, இவ்விரு படங்களையும் எடுங்கள். அதற்கடுத்த பூப்பின்போது அதே இடத்தைத் தேடி வருபவருக்கு, உங்கள் இரண்டாம் படமே வழிகாட்டியாகலாம்.

தெரிந்து தெளிவோம்

தமிழகத்தின் முன்னோடிக் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் மா. கிருஷ்ணன் (1912 - 1996). பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். இயற்கையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். கறுப்பு வெள்ளையில் இவர் எடுத்த காட்டுயிர்ப் படங்கள் புகழ்பெற்றவை. 1970ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கலைச்சொல் விளக்கம்

ஒளித்துளை - வில்லைக்குள் ஒளி நுழையும் வழி
புல ஆழம் - படத்தில் தெளிவாகத் தோன்றும் பரப்பின் முன்பின் அளவு
குவியப்படுத்துதல் - குறிப்பிட்ட தொலைவுக்கு வில்லையைப் பொருத்துதல்
உணரி - ஒளியை ஏற்றுப் படமாக்கும் மின்னணுத் தகடு

இலக்கணக் குறிப்பு

மூடுபனி - வினைத்தொகை
முதலும் கருவும் உரியும் - எண்ணும்மை
நிரல்நிரலாக - அடுக்குத்தொடர்
பொருளற்ற - பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

மறைந்தது - மறை + த்(ந்) + த் + அ + து
மறை - பகுதி. த் - சந்தி, ந் ஆனது விகாரம். த் - இறந்தகால இடைநிலை. அ - சாரியை. து - ஒன்றன்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. பள்ளி வளாகத்தில் ஐந்து தண்ணீர்ப் புட்டிகளைக் கைநீள இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துக. முதற்புட்டியைக் குவியப்படுத்தி, அருகிலும் தொலைவிலும் நின்று படமெடுத்து, மற்ற புட்டிகளின் தெளிவை ஒப்பிடுக.

2. உங்கள் ஊரில் உள்ள மரம் ஒன்றைப் பின்புலம் மங்கலாகவும் தெளிவாகவும் இருவகையில் படமெடுத்து, இடமும் நாளும் குறித்து வகுப்பில் காட்சிப்படுத்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

50 மில்லிமீட்டர் வில்லையில் ஒளித்துளையின் விட்டம் 12.5 மில்லிமீட்டர் எனில், அதற்குரிய எண்
அ) எஃப் 2   ஆ) எஃப் 4   இ) எஃப் 8   ஈ) எஃப் 16

குறுவினா

1. புல ஆழம் என்றால் என்ன?
2. அசைவால் நேரும் மங்கலையும் பின்புல மங்கலையும் வேறுபடுத்துக.

சிறுவினா

1. மூடுபனி தரும் மங்கலுக்கும் வில்லை தரும் மங்கலுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. நாணய அளவுகோலைக் கொண்டு பின்புலத்தை மங்கச் செய்யும் வழிகளை விளக்குக.

நெடுவினா

'பின்புலம் அடங்கி நிற்கலாம். பொருளற்றதாகிவிடலாகாது' என்னும் கருத்தை அகப்பாடல் மரபையும் பழனிமலைப் புல்வெளிகளின் நிலையையும் சான்றாகக் கொண்டு ஆராய்க.